குடும்ப நலம்: கழுத்துத் தமனி அடைபடும்போது

இரவு செபமாலை முடிந்து எழுந்த தந்தையின் வாய் ஒருபுறம் கோணுகிறது; வலக்கை துவள்கிறது; பேச்சுக் குழறுகிறது. ‘விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்’ என்று வீட்டார் கருதுகின்றனர். இந்தத் தாமதமே பெருந்தீங்கு என்பதை இம்மாதம் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கழுத்தின் இருபுறமும் விரல் வைத்தால் துடிப்பவை, மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனிகள். கொழுப்புப் படிந்த இடத்தில் குருதி உறைந்து ஒரு தமனி அடைபட்டால், அப்பக்கத்து மூளை பட்டினி கிடக்கிறது. உடலின் எதிர்ப்பக்கம் செயலிழக்கிறது. ஆயினும் எல்லாரும் வீழ்வதில்லை. மூளையின் அடியில் தமனிகள் வளையமாய் இணைந்துள்ளன. 1664-இல் அதனை விளக்கிய ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ், ஒரு தமனி முற்றும் அடைபட்டும் வாதம் காணாதிருந்த ஒருவரைப்பற்றி எழுதியுள்ளார். அம்மாற்றுவழி போதாதவர்க்கோ ஒவ்வொரு நிமிடமும் இழப்பே.

மருத்துவமனையில் முதலில் சி.டி. ஸ்கேன் எடுப்பர். மூளையில் குருதிக் கசிவு இருப்பின், உறைவைக் கரைக்கும் மருந்து உயிருக்கே கேடாகும். அடைப்பாயின், நோய் தோன்றிய நாலரை மணி நேரத்துக்குள் அதனைச் செலுத்தலாம். பெருந்தமனியின் உறைவு இம்மருந்தால் எளிதில் கரைவதில்லை. ஆகவே தொடைவழி மெல்லிய குழாயைச் செலுத்தி அதை வெளியே இழுக்கின்றனர். 2015-இல் வெளியான ஆய்வுகள் இதன் பயனை நிலைநாட்டின. காப்பாற்றத்தக்க மூளைப்பகுதி மிகுந்திருந்தால் 24 மணி நேரம் வரையிலும் சிலர்க்குச் செய்யலாம் என 2018-இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

கழுத்திலேயே அடைப்பு இருப்பின் மற்றொரு வினா எழும்: அங்கே உடனே ஸ்டென்ட் பொருத்துவதா? பொருத்தினால், குருதி உறையாதிருக்க மருந்து தரவேண்டும். அது நைந்த மூளையில் கசிவை உண்டாக்கக்கூடும். பொருத்தாவிடில் தமனி மீண்டும் அடைபடலாம். எல்லார்க்கும் பொருந்தும் ஒரே விதி இதில் இல்லை.

அவ்வேளையில் கையொப்பமிட வேண்டியவர் மனைவியோ மகனோதான். ‘செய்தால் வரும் ஆபத்து என்ன? செய்யாவிடில் நேர்வது என்ன?’ என்று மருத்துவரை வினவுங்கள். விடை பெற்றதும் தயங்காது முடிவு செய்யுங்கள். ஊரிலுள்ள உறவினர் அனைவரும் வந்துசேரட்டும் எனக் காத்திராதீர்.

நோயாளியை இறுதியாக நலமுடன் கண்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதுவே. வாயில் நீரோ மாத்திரையோ இடாதீர். ஸ்கேனும் வாத சிகிச்சையும் உள்ள மருத்துவமனை எதுவென இன்றே விசாரித்து வையுங்கள். ஒரு கண்ணில் திரை விழுந்தாற்போல் பார்வை மறைந்து சில நிமிடங்களில் மீண்டாலும், அன்றே மருத்துவரை நாடுங்கள். அது கழுத்துத் தமனி தரும் முன்னறிவிப்பாக இருக்கலாம்.