மூச்சு நம்முடையது, ஏடு யாருக்கு?

திருப்பூர்ப் பின்னலாடைக்கு நூல் தரும் ஆலைகளில், பஞ்சு பிரித்துச் சிக்கெடுக்கும் கூடங்களில் ஆண்டுக்கணக்கில் உழைப்பவர்க்கு, விடுமுறை கழிந்து திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும்; மூச்சு முட்டும். மறுநாள் சற்றே தணியும். பஞ்சுத்துகள் விளைக்கும் நுரையீரல் நோய் இதுவென மருத்துவர் நெடுநாளாக அறிவர். அதைச் சுமக்கும் தொழிலாளரோ பலர் வெறுஞ் சளியென்றே எண்ணியிருப்பர்!

நம் மருத்துவ மாணாக்கர் பட்டமேற்படிப்புக்கு எழுதிய ஆய்வேடுகளைத் தமிழ்நாடு எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் தன் இணையக் களஞ்சியத்தில் கட்டணமின்றித் திறந்து வைத்துள்ளது. பெரும்பொருள் கொடுத்தாலன்றிப் படிக்கவொண்ணா அயல்நாட்டு ஆய்விதழ்களை நோக்க, இது பாராட்டத்தக்க பணியே. ஆனால், கதவு திறந்த அவ்வீட்டினுள் இருப்பது பெரும்பாலும் ஆங்கிலம்! ஆய்வுக்கு ஊதிக் காட்டிய மூச்சு யாருடையது? ஈந்த குருதி யாருடையது? முடிவு மட்டும் அவர்க்கு விளங்கா மொழியிலா?

தமிழில் கலைச்சொல் இல்லையென்பார் உளர். 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், நூல்களும் ஆக்கினார். அயலவர்க்கு இயன்றது, ஈங்குப் பிறந்து ஈங்கே பயின்றார்க்கு இயலாதாம்!

2022இல் திருப்பூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதனை நடுவமாகக் கொண்டு, கொங்குநாட்டு மருத்துவ ஆய்வுகளையெல்லாம் திரட்டும் திறந்த களஞ்சியமொன்று அமைக்கப்பெறல் வேண்டும். நோயாளர் பெயர் மறைக்கப்பெறுக. ஆய்வாளரே எழுதிய இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் இணையாத எவ்வேட்டையும் அக்களஞ்சியம் ஏலாதொழிக. அச்சுருக்கம் ஆலை வாயில்களிலும் ஒட்டப்பெறுக.