படத்தின் கீழே வந்த பிழை

சென்ற மாதம் எங்கள் கல்லூரியின் இணையத்தளத்தில், உயிரோடிருக்கும் ஒருவருக்கு அஞ்சலி செலுத்திவிட்டோம். கேட்போர்க்கு இது நகைப்பாயிருக்கலாம். அன்றிரவு இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பழைய மாணவர்கள் தழுதழுத்த குரலில் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கியபோது எனக்கு நகைப்பு வரவில்லை.

நடந்தது இதுதான். காலமான ஆசிரியர் ஒருவரின் நினைவுக் கூட்டத்தில், எண்பது வயதைக் கடந்த கணித ஆசிரியர் ஒருவர் உரையாற்றினார். அவர் பேசும் நிழற்படத்தைச் செய்தியின் முகப்பிற் சேர்த்தோம். அதற்குக் குறிப்பு எதனையும் எழுதினோமில்லை. எனினும் படத்தின் கீழே, "அமரரான எமது ஆசிரியருக்கு அஞ்சலி" என்ற வரி அழகாக அமர்ந்திருந்தது. அது செய்தியின் தலைப்பு. தலைப்பு மேலே நின்றாற் செய்தியின் பெயர். அதுவே படத்தின் கீழே நின்றாற் படத்திலுள்ளவரின் கதை. இடம் மாறியதும் பொருள் மாறிற்று.

தளத்தை அமைத்த உயர்தர வகுப்பு மாணவனை அழைத்து, "தம்பி, இவ்வரியை அங்கே இட்டது யார்?" என்று கேட்டேன்.

"ஒருவரும் இடவில்லை, சேர். குறிப்பில்லாத படங்களின் கீழே வெறுஞ் சாம்பல்நிறப் பட்டி ஒன்று தெரிந்தது. அது அழகாயில்லையென்று, குறிப்பில்லாவிடிற் தலைப்பை எடுத்துப் போடும்படி வார்ப்புருவிற் கட்டளை எழுதினேன்" என்றான்.

வார்ப்புரு என்பது யாதென மாணவ நேயர்கள் சிலர் வினவக்கூடும். எங்கள் தளம் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளில் இயங்குவது. அதில் ஒவ்வொரு செய்திக்கும் தனித்தனியே பக்கம் சமைப்பதில்லை. பிஎச்பி மொழியில் எழுதிய ஓர் அச்சு உண்டு. எல்லாச் செய்திகளும் அதனுள் வார்க்கப்பட்டே வெளிவருகின்றன. ஆதலின் அச்சில் ஒரு வரி பிழைத்தால், அவ்வச்சில் வார்த்த பக்கமெல்லாம் பிழைக்கும். நாங்கள் தேடிப் பார்த்தபோது, விளையாட்டுப் போட்டிப் படங்களின் கீழும் பரிசளிப்பு விழாப் படங்களின் கீழும் இதே கூத்து நடந்திருந்தது. அங்கே எவரும் இறக்கவில்லையாதலால் ஒருவரும் கவனிக்கவில்லை.

மாணவனின் நோக்கத்தைக் குறைகூற மாட்டேன். வெற்றுப்பட்டி கண்ணை உறுத்துவது மெய். ஆனால் அதற்கு மருந்து வேறு. 'செயின்' என்னும் வாய்பாட்டு வினையெச்சத்தை இலக்கண வகுப்பிற் படித்திருப்பீர்கள். கணினி மொழியில் அதன் வேலையைச் செய்வது 'இஃப்' என்னுஞ் சொல். குறிப்பு உளதாயின் பட்டியை வரை. இலதாயின் பட்டியையும் வரையாதே. இவ்வளவே கட்டளை.

இதிற் பலர் வழுக்கும் இடம் ஒன்றுண்டு. குறிப்பின் சொற்களை மட்டும் நிபந்தனைக்குள் வைத்துவிட்டு, அவற்றைத் தாங்கும் பெட்டியை வெளியே விட்டுவிடுவார்கள். அப்போது சொல் மறையும், பெட்டி மறையாது. எங்கள் சாம்பற்பட்டி பிறந்தது இவ்வாறுதான். 'ஃபிக்கேப்ஷன்' என்னும் பெட்டி திறப்பதும் மூடுவதும் ஆகிய இரண்டுமே நிபந்தனைக்குள் வரவேண்டும்.

இன்னொரு நுட்பம். 2016 ஆம் ஆண்டில் வெளிவந்த 4.6 ஆம் பதிப்பில், முகப்புப் படத்தின் குறிப்புக்கென இரு சார்புகளை வேர்ட்பிரஸ் தந்தது. 'த போஸ்ட் தம்னெயில் கேப்ஷன்' குறிப்பை உடனே திரையில் அச்சிட்டுவிடும். முன்னே 'கெட்' என்னுஞ் சொல் சேர்ந்த மற்றையது, குறிப்பை நம் கையிலே தரும், அச்சிடாது. நிபந்தனையிற் சோதிப்பதற்குக் கையில் தருவதே வேண்டும். அச்சிடுவதைச் சோதித்தால், அது தன் வேலையை அங்கேயே முடித்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்பும். நிபந்தனை எந்நாளும் பொய்யாகும். குறிப்பு மட்டும் பெட்டியின்றி நடுத்தெருவில் நிற்கும். எங்கள் மாணவன் முதல் முயற்சியில் இதையுஞ் செய்து பார்த்தான்!

கையில் வாங்கியதை 'ட்ரிம்' என்னுஞ் சார்பினால் ஓரம் நறுக்கிக்கொள்வதும் நன்று. யாரோ தவறுதலாக இடைவெளி விசையைத் தட்டியிருந்தால், நமக்கு அது வெறுமை. பிஎச்பிக்கோ அதுவும் ஓர் எழுத்து. நிபந்தனை மெய்யாகிவிடும், வெற்றுப்பட்டியுந் திரும்பிவிடும்.

இத்தனையுஞ் செய்தபின்னரும் ஒரு படத்தின் கீழே கமராவின் பெயர் நின்றது. சிலவகைக் கமராக்கள் தம் பெயரையே படக்கோப்பின் விவரத்திற் பதித்துவிடுகின்றன. படம் தளத்தில் ஏறும்போது வேர்ட்பிரஸ் அதைக் குறிப்பென்று எடுத்துக்கொள்கின்றது. குறிப்பு உண்டா என்று இயந்திரம் கேட்கும். அது மனிதன் எழுதியதா என்று கேட்காது. அதனைக் கையாலேதான் அழிக்கவேண்டியிருந்தது.

கட்புலனற்றோர்க்காக எழுதும் மாற்றுரை இதனின் வேறானது. அதற்குத் தனியிடம் உண்டு. பக்கத்தில் வெளிப்படத் தோன்றாது, வாசிக்கும் கருவி அதனை உரக்கச் சொல்லும். குறிப்பை மறைத்தோமென்று மாற்றுரையையும் மறைத்துவிடலாகாது.

திருத்தம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அம்மானவனையும் அழைத்துக்கொண்டு அந்தக் கணித ஆசிரியரின் வீட்டுக்குச் சென்றேன். மாணவன் வாசலிலேயே நின்றுவிட்டான். "வாரும் தம்பி, நான் பேய் அல்ல" என்று மாஸ்ரர் உள்ளிருந்து அழைத்தார். தேநீர் வந்தது. செய்தி கேட்டுத் தம் மகள் வெளிநாட்டில் அழுத கதையைச் சொன்னபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை. மாணவன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பின்னர் மடிக்கணினியைத் திறந்து, தளத்திலுள்ள பழைய படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினோம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இடமிருந்து வலமாக அவர் பெயர்களைச் சொல்லச் சொல்ல மாணவன் குறிப்புகளைத் தட்டெழுதினான். இருட்டும் வரையில் பதினான்கு படங்கள் முடிந்தன. அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறார்.