பால் பாக்கெட்டும் காப்பிப் பொடிப் பாக்கெட்டும்

விடியற்காலையில் நம் இல்லங்களில் முதலில் கைக்கு வருபவை இரண்டு: ஒன்று பால் பாக்கெட்; மற்றொன்று ஊரிலிருந்து வந்த காப்பிப் பொடிப் பாக்கெட். இரண்டும் பிளாஸ்டிக்கே. ஆயினும் வெறுமையான பின் இவற்றின் கதி வேறாகிறது. பழம்பொருள் வாங்குபவர் பால் பாக்கெட்டுகளை எடைபோட்டுப் பணம் தருகிறார். பளபளக்கும் காப்பிப் பொடிப் பாக்கெட்டைத் திரும்பியும் பாரார். இதன் காரணத்தை இத்திங்கள் ஆராய்வோம்.

பால் பாக்கெட் பாலிதீன் என்னும் ஒரே பொருளால் ஆனது. அதன் கனம் ஏறத்தாழ 50 மைக்ரான். அதாவது, ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. அதனைக் கழுவி, நறுக்கி, உருக்கினால் மீண்டும் பாலிதீனே கிடைக்கும். பாலுக்கு ஓரிரு நாள் காவலே தேவை. ஆதலின் ஒரே பொருள் போதுமானதாயிற்று.

காப்பிப் பொடியின் நிலை அவ்வாறன்று. மாதக்கணக்கில் மணம் வெளியேறாமலும் காற்று உட்புகாமலும் அதனைக் காத்தல் வேண்டும். பாலிதீன் ஈரத்தைத் தடுக்கும். ஆக்ஸிஜனையும் மணத்தையும் நன்கு தடுக்காது. ஆகவே, அச்சிடவும் சூட்டைத் தாங்கவும் வெளியே பாலியெஸ்டர், காற்றைத் தடுக்க நடுவே அலுமினியம், வாயை ஒட்டி மூட உள்ளே பாலிதீன் என மூன்றையும் பசையிட்டு இணைக்கின்றனர். உறுதியான உறைதான், ஐயமில்லை. ஆனால் பாலிதீன் 110 முதல் 130 பாகை செல்சியஸ் அளவில் உருகும். பாலியெஸ்டரோ 250 பாகையை ஒட்டியே உருகும். சேர்த்து உருக்கினாலும் இவை ஒன்றோடொன்று கலவா. வலுவற்ற கலவையே மிஞ்சும்.

இரயில்வே பார்சல் அலுவலகத்தில் பணிபுரியும் எமக்கு இது எளிதில் விளங்குகிறது. சோலாப்பூருக்கும் சென்னைக்கும் மதுரைக்கும் செல்லவேண்டிய பொருள்களை ஒரே கோணியில் இட்டுத் தைத்துவிட்டால், அக்கோணியை எந்த நிலையத்தில் இறக்குவது?

இத்தகைய இடர்ப்பாட்டை நாள்தோறும் எதிர்கொள்வோர் நம் அண்டையிலேயே உள்ளனர். நம்மவர் பல தலைமுறையாக வாழ்ந்துவரும் தாராவியில், 13ஆம் காம்பவுண்டு என்னும் பகுதி பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கும் தொழிலுக்குப் பெயர் பெற்றது. கைதேர்ந்த தொழிலாளர் தொட்டுப் பார்த்தும், ஓசை கேட்டும், சிறிது எரித்து மணம் நுகர்ந்தும் இது இன்ன பிளாஸ்டிக் எனக் கூறிவிடுவர். ஆனால் பசையிட்டு ஒட்டிய அடுக்குகளை அவர்தம் கைத்திறனாலும் பிரிக்க இயலாது. பிரிக்க இயலாதது விலைபோகாது. விலைபோகாதது தேவனார் போன்ற குப்பைமேடுகளையே சேரும். 2016 ஜனவரியில் தேவனார் மேடு பற்றியெரிந்து, மும்பை நகரைப் புகை சூழ்ந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இதற்கு மாற்று உண்டா? உண்டு. பல பொருள்களைச் சேர்ப்பதற்கு மாறாக, ஒரே பொருளையே வலுவுள்ளதாக்குதல் அம்மாற்று வழியாகும். பஞ்சை விரலால் பிய்த்துவிடலாம். அதே பஞ்சின் இழைகளை ஒருமுகப்படுத்தி நூலாக்கினால் எளிதில் அறுபடாது. பாலிதீனும் இவ்வாறே. அதன் தாளை இளஞ்சூட்டில், ஒன்றைவிட மற்றொன்று விரைந்து சுழலும் உருளைகளுக்கிடையே செலுத்திப் பன்மடங்கு நீட்டுகின்றனர். அதனால் நீண்ட மூலக்கூறுகள் ஒரே திசையில் அணிவகுக்கின்றன. தாள் விறைப்பும் வலுவும் பெறுகிறது. அச்சிடும்போது இழுபடுவதில்லை. இதனை வெளித்தாளாக்கி, குறைந்த வெப்பத்தில் உருகும் வேறுவகைப் பாலிதீனை உள்தாளாக்கினால், முழு உறையும் பாலிதீனாகவே அமையும். காற்றைத் தடுப்பதற்கு மிக மெல்லிய பூச்சொன்று போதும். அளவு குறைவாதலின் உருக்குவதற்கு அது பெருந்தடையாகாது. இத்தகைய உறைகள் இப்போது சந்தைக்கு வரத் தொடங்கியுள்ளன.

சட்டமும் இத்திசையில் செல்கிறது. உறையைச் சந்தைக்கு அனுப்புவோரே அதன் மறுசுழற்சிக்கும் பொறுப்பேற்க வேண்டுமென 2022ஆம் ஆண்டின் நடுவணரசு விதிகள் கூறுகின்றன. முற்றிலும் பிளாஸ்டிக்கால் ஆன மெல்லுறை ஒரு வகையாகவும், அலுமினியம் முதலிய பிறபொருள் சேர்ந்தது வேறொரு வகையாகவும் அவற்றில் குறிக்கப்பட்டுள்ளன.

எனினும், எவ்வளவு நல்ல உறையாயினும் அழுக்குடன் குப்பையில் கலந்தால் பயனில்லை. ஆகையால் இல்லத்தரசியர்க்கும் இல்லத்தலைவர்க்கும் நாம் கூற விரும்புவன சில. பால் பாக்கெட்டின் மூலையை முழுதும் துண்டித்தல் வேண்டா. அச்சிறு துண்டு பொறுக்குவோர் கையில் அகப்படாமல் சாக்கடையைச் சேரும். பாதி வெட்டி, பாலை ஊற்றியபின் ஒருமுறை அலசி உலர்த்தி வையுங்கள். புளித்த பாலின் நாற்றம் விலையைக் குறைக்கும். பிரிப்பவர் உடலையும் வருத்தும். பளபளக்கும் உறைகளைத் தனியே சேருங்கள். மாதுங்காவில் காப்பிக் கொட்டையை அரைத்துத் தரும் கடைக்குச் செல்வோர், வீட்டு டப்பாவையே கையோடு கொண்டுசென்றால் உறையே தேவைப்படாது.

நாம் எறியும் பொருளை எடுத்துப் பிரிப்பதும் ஒரு மனிதரின் கைதான். அக்கைக்குக் கூலி கிடைக்கும் வண்ணம் கொடுப்பது நம் கடமையன்றோ?