இரவு பஸ்ஸும் யாழ்தேவியும்

யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையிலுள்ள ஏறத்தாழ 400 கிலோமீற்றரை மலிவுக் கட்டண இரவு பஸ்ஸிற் கடப்போர் படும் சிரமத்தை நம் வாசகர் நன்கறிவர். முழங்காலை மடக்க இடமில்லாத ஆசனம்; அது போதாதென்று நடைவழியிலே மடிப்பு ஆசனம் வேறு. சாப்பாட்டுக் கடையை நடத்துனரே தெரிவு செய்வார். இயற்கைக் கடன் கழிக்கவும் அவர் குறித்த இடம்வரை காத்திருத்தல் வேண்டும். பெண்களும் முதியோரும் இதனாற் படும் பாட்டை நாம் விரித்துரைக்க விரும்பவில்லை.

உடல் நோவு இரண்டு நாளில் ஆறிவிடும். நாம் அஞ்சுவது வேறொன்றை. யார் முந்துவது என்னும் போட்டியில், உறக்கம் கண்ணை அழுத்தும் பின்னிரவிலும், பல வண்டிகளை ஒரே சாரதி ஓட்டிச் செல்கிறார். வீதியிலோ மாடுகள் படுத்திருக்கும். சிலவிடங்களில் யானையும் குறுக்கிடும்.

இதற்கு மாற்று வழியைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, 1990 இல் வடக்குக்கான சேவையை இழந்து, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் மீண்டது. மூன்றாம் வகுப்புக் கட்டணம் பஸ் கட்டணத்திலும் குறைவு, எழுந்து நடக்கலாம், மலசலகூடமும் உண்டு. ஆயினும் 2023 இலும் 2024 இலும் பாதைத் திருத்தத்தின் பொருட்டு நேரடிச் சேவை மாதக்கணக்கில் தடைப்பட்டபோது, சத்திரசிகிச்சைக்குச் செல்லும் கமக்காரரும் நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் பட்டதாரியும் பஸ் முதலாளிகளின் தயவிலே விடப்பட்டனர்.

இரண்டு சாரதிகள் இல்லாத இரவு பஸ்ஸுக்கு வழி அநுமதிப்பத்திரம் வழங்கலாகாது. வடபகுதிப் புகையிரதங்களில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் கூட்டப்பட வேண்டும். நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் (அவர்கள் இரவு பஸ்ஸில் ஏறி எத்தனை நாளாயிற்றோ!) இவ்விரண்டையும் வரவுசெலவுத் திட்ட விவாதத்திலே வற்புறுத்துவார்களா?