சான்றிதழும் சான்றாண்மையும்

திருவான்மியூரைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்வார் அடுத்துக் காணும் ஊர் கொட்டிவாக்கம். கிழக்கே கடலும் மீனவர் குப்பமும். மேற்கே பக்கிங்காம் கால்வாய். கால்வாய்க்கு அப்பால் கணினித் தொழில் நிலையங்கள் வரிசையாக ஓங்கி நிற்கும் ராஜீவ் காந்தி சாலை. 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பெற்ற பின்னர் இப்பகுதியின் வாழ்வே திசை மாறிற்று. ஊராட்சியாக இருந்த கொட்டிவாக்கம் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. அதன் தெருக்களில் இன்று இளைஞர் தங்கும் விடுதிகள் மலிந்துள்ளன. அவ்விளைஞருட் பலர் பகலெல்லாம் அலுவல் பார்த்து, இரவில் மீண்டும் மாணாக்கராகின்றனர். அவர் கற்பது பட்டத்தின் பொருட்டன்று; கணினிச் சான்றிதழ்த் தேர்வுகளின் பொருட்டு. நம் கல்லூரியை விட்டுச் சென்ற அண்ணன்மார் சிலரும் அவருள் உளர்.

இம்முயற்சியைப் பற்றி நம்மிடையே இருவகைக் கருத்து வழங்குகின்றது. காசு கொடுத்து வாங்கும் காகிதம் என இகழ்வார் ஒரு சாரார். அஃதொன்று கைவந்தால் உயர்ந்த உத்தியோகமும் வெளிநாட்டுப் பயணமும் தாமே வந்தடையும் என நம்புவார் மற்றொரு சாரார். தமிழ் வகுப்பு மாணாக்கராகிய எமக்கு இதிற் பேச என்ன உரிமை என வினவுவாரும் உண்டு. உரிமை உண்டென்பதைப் பின்னர்க் காட்டுவோம்.

இத்தகைய தேர்வுகள் நம் நாட்டிற்குப் புதியன அல்ல. தட்டெழுத்துத் தேர்வை அறியாத குடும்பம் தமிழகத்தில் எத்தனை? கடைத்தெரு மாடியொன்றில் பொறிகள் கடகடவென ஒலிக்க, பள்ளியிறுதி முடித்த பிள்ளைகள் விரல் பழகிய நிலையங்கள் ஊர்தோறும் இருந்தன. இன்றும் முற்றும் மறைந்தில. அரசினர் நடத்தும் அத்தேர்வில் ஆங்கில இளநிலைக்கு நிமிடத்திற்கு 30 சொல்; முதுநிலைக்கு 45 சொல். இதன்கண் வாய்ப்பாடமாக ஒப்பிப்பதற்கு ஒன்றுமில்லை. விரல் ஓடினால் ஓடிற்று, நின்றால் நின்றது. காகிதம் கூறிய திறமும் கையில் இருந்த திறமும் ஒன்றாகவே இருந்தன. கணினிச் சான்றிதழையும் இந்த அளவுகோல் கொண்டே அளத்தல் வேண்டும் என்பது எம் கருத்து.

அங்ஙனம் அளப்பின், இகழ்வார் கூற்று முற்றும் பொருந்தாது. சிஸ்கோ நிறுவனம் 1998-இல் தொடங்கிய சி.சி.என்.ஏ. தேர்வு, கணினிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் வலையமைப்பைப் பற்றியது. செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து, வழிகாட்டும் கருவிகள் பலவற்றைக் கடந்து, மறுமுனையில் மீண்டும் ஒன்றாகச் சேரும் முறையை அதற்குக் கற்பார் ஐயமின்றி அறிகின்றனர். 2002-இல் தோன்றிய காம்டியா செக்யூரிட்டி பிளஸ், காப்பு முறைகளுக்கு முதற்படி. 90 நிமிடத்தில் விடையளிக்க வேண்டிய வினாக்கள் 90-க்கு மிகா. 2005-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, தன் கணினிகளைக் காப்போர் இத்தகைய சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும் என விதித்தது. இவற்றின் மதிப்பு உயர்ந்தமைக்கு அதுவும் ஒரு காரணம். 1994-இல் ஏற்பட்ட சி.ஐ.எஸ்.எஸ்.பி. இன்னும் கண்டிப்பானது. தேர்வில் வென்றாலும் ஐந்தாண்டுத் தொழிற்பயிற்சி இன்றி அப்பெயரைச் சூட இயலாது. பட்டம் பெற்றார்க்கு ஓராண்டு கழிக்கப்படும், அவ்வளவே. ஓ.எஸ்.சி.பி. என்னும் தேர்விலோ கேள்வித்தாளே இல்லை. 23 மணி 45 நிமிட நேரம் கணினிகளினுள் வழி கண்டு புகுந்து காட்டல் வேண்டும். பின்னர் ஒருநாளைக்குள் செய்ததை அறிக்கையாக எழுதித் தரல் வேண்டும். இதனைக் காகிதம் என்பார், தட்டெழுத்தையும் காகிதம் என்பாரோ?

எனினும் நாம் கவல வேண்டிய செய்தி வேறு. தேர்வுக்கூடத்தினின்று கசிந்த வினாக்களைத் திரட்டி விடையோடு விற்கும் வாணிகம் ஒன்று நடைபெறுகின்றது. அத்திரட்டை இரு வாரம் உருப்போட்டு வென்றோம் என மார்தட்டுவார் உளர். தேர்வு நடத்துவோர் அறியின் சான்றிதழைப் பறித்து, மீண்டும் எழுதாவாறு தடுப்பர் என்பது ஒருபுறம் இருக்க, இதனால் விளையும் கேடு பிறர் தலையில் அன்றோ விழும்! 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் பணயம் கேட்கும் தீநிரலால் முடங்கின. பல நாள் நோயாளரைக் கையெழுத்தாற் பதிவு செய்ய நேர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரலிலேயே, இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவாகிய செர்ட்-இன், இத்தகைய தாக்குதலைக் கண்ட 6 மணி நேரத்துள் தெரிவித்தல் வேண்டும் என ஆணையிட்டிருந்தது. அந்த ஆறு மணி நேரத்தில், விலைக்கு வாங்கிய விடையை மனனம் செய்தவன் என் செய்வான்? எந்தக் கணினியை முதலிற் பிரித்து வைப்பது, எந்தப் பதிவேட்டைக் காப்பது என்பது அவன் திரட்டில் இல்லை. வாசலில் நோயாளர் நிற்பர். சான்றாண்மை இல்லாச் சான்றிதழ் என யாம் தலைப்பிற் குறித்தது இவனையே.

இனிச் செலவு. சி.சி.என்.ஏ.வுக்கு 300 டாலர், சி.ஐ.எஸ்.எஸ்.பி.க்கு 749 டாலர். தோற்றால் அப்பணம் மீளாது. வென்றாலும் மூன்றாண்டிற்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும். தந்தையார் கட்டுமரத்தில் கடலுக்குச் செல்லும் வீட்டிலிருந்து வரும் மாணவனுக்கு இஃது எளிய தொகையன்று. கடன் வாங்கி எழுதுவார் பலர். ஆதலின், பணம் கட்டுமுன் பொருள் கற்க என்பதே யாம் தம்பியர்க்குக் கூறுவது. கற்பதற்குச் செலவு சிறிது. சிஸ்கோவின் பயிற்சிக் கழகம் இணையவழிப் பாடங்கள் பலவற்றையும், வலையமைப்பைத் திரையிலேயே கட்டிப் பார்க்கும் பாக்கெட் டிரேசர் என்னும் கருவியையும் விலையின்றித் தருகின்றது. சென்னை ஐ.ஐ.டி. முதலியவை கூடி நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களையும் கட்டணமின்றிக் கேட்கலாம். 2022-இல் நம் அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டமும் உண்டு. பழங்கணினி ஒன்றில் லினக்ஸை நிறுவி, வயர்ஷார்க் கொண்டு தன் வீட்டு வலையிற் செல்லும் பொதிகளைத் தானே நோக்குபவன், நூறு பக்கம் படித்தவனினும் மிகுதியாக அறிவான்.

இப்பொழுது எம் உரிமைக்கு வருவோம். சி.சி.என்.ஏ. ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் நடைபெறுகின்றது, தமிழில் இல்லை. இன்று தமிழில் நடத்துக எனக் கேட்பது பயனற்ற பேச்சு என்பதை அறிவோம். ஆனால் ஜப்பானிய மாணவன் தன் மொழியிற் பொருளை உணர்ந்து தேர்வெழுத, தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வரும் நம் மாணவன் பொருளோடும் மொழியோடும் ஒருங்கே போராடுகின்றான். அவன் உருப்போடுவதற்குச் சோம்பல் மட்டுமே காரணமன்று. விளங்கச் சொல்வாரின்மையும் காரணம்.

தமிழில் விளங்கச் சொல்லல் இயலாதோ? பொதுத்திறவி முறை என்னும் அரிய பொருளை எடுத்துக்கொள்வோம். ஒருவன் திறந்த பூட்டுக்கள் பலவற்றைச் செய்து ஊரார்க்கெல்லாம் கொடுத்துவிடுகின்றான். திறவுகோலை மட்டும் தன் மடியில் வைத்துக்கொள்கின்றான். எவரும் அவனுக்குரிய செய்தியைப் பெட்டியில் இட்டு அப்பூட்டை அழுத்திப் பூட்டலாம்; திறப்பவன் அவன் ஒருவனே. சொல்லாக்கத்திலும் நமக்கு வேலை உண்டு. கடவுச்சொல் என்பது நன்றாக வேரூன்றிவிட்டது. ஆனால் குறியாக்கம் என்னும் ஒரே சொல்லை, எவரும் மீட்டறியக்கூடிய வடிவ மாற்றத்திற்கும், திறவியுடையார் மட்டுமே மீட்கக்கூடிய மறைப்பிற்கும் ஆள்கின்றனர். இரண்டும் ஒன்றென எண்ணுபவன் தேர்விலும் தவறுவான், தொழிலிலும் தவறுவான். பின்னதை மறைகுறியாக்கம் எனப் பிரித்து வழங்குவதே தக்கது. ஒருபொருட் பன்மொழியும் பலபொருள் ஒருசொல்லும் பயின்ற நாம் இதிற் பேசாமல் வேறு யார் பேசுவர்?

அன்றியும், காப்புத் தொழிலில் ஒரு பாதி பொறியைப் பற்றியதன்று, மனிதரைப் பற்றியது. வங்கியிலிருந்து பேசுகின்றோம் என்று கூறி ஓடிபி எண்ணைப் பறிப்பவன் எந்தப் பூட்டையும் உடைப்பதில்லை. காவலர் உடையிற் காணொளியில் தோன்றி டிஜிட்டல் கைது என அச்சுறுத்துவார் செயலைப் பற்றி, 2024 அக்டோபரில் பிரதமரே தம் வானொலி உரையில் எச்சரிக்க நேர்ந்தது. நம் சட்டத்தில் அப்படியொரு கைதே கிடையாது என்பதையும், பணம் பறிபோயின் உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும், கரையில் வலை உலர்த்தும் பெரியவர்க்கு அவர் பேசும் தமிழில் சொல்ல வல்லவன் எவனோ அவனும் இத்துறைக்கு வேண்டியவனே. அலுவலகங்கள் அனுப்பும் எச்சரிக்கைத் தமிழைப் படித்தால், அது எவரையும் எச்சரிக்காது என்பது புலனாகும்!

ஆகவே நம் கல்லூரித் தலைவர்களிடம் யாம் வேண்டுவன பெரியன அல்ல. கணினி வகுப்பினரும் தமிழ் வகுப்பினரும் கூடி, இத்தேர்வுகளின் அடிப்படைப் பொருளை விளக்கும் சிறு நூலொன்றை அடுத்த ஆண்டிற்குள் எழுத இசைவளிக்க வேண்டும். பொருளைச் செய்து காட்டித் தேர்ந்த ஏழை மாணவர் இருவர்க்கேனும் தேர்வுக் கட்டணத்தைப் பழைய மாணவர் சங்கத்தார் ஏற்றல் நலம். புதியன வந்தபின் ஒதுக்கப்பெற்ற கணினிகள் மேல்மாடி அறையிற் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றுட் பத்தையேனும் பழுது பார்த்து, மாலை ஏழு மணி வரை அவ்வறையைத் திறந்து வைப்பின், நூல் எழுதும் பணியை யாம் அங்கேயே தொடங்குவோம்.