எல்லையில் இணையாத பாதைகள்

காலை ஏழு மணிக்கு அத்திபெலே பேருந்து நிறுத்தத்தில் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு விந்தை புலப்படும். சாலை ஒன்றே, ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. ஆனால், அதில் பயணம் செய்யும் மனிதர்களின் பயணம் இங்கே இரண்டாக முறிகிறது. பெங்களூரு மாநகரப் பேருந்துகளில் பெரும்பாலானவை இங்கேயே திரும்பிவிடுகின்றன. சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓசூருக்குச் செல்ல வேறு பேருந்து, வேறு பயணச்சீட்டு. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, ஓசூரில் வாடகை வீடு என்று வாழும் பல குடும்பங்களின் அன்றாடம் இதுதான்.

பொதுக் கட்டமைப்பின் வரலாற்றை நாம் திறப்பு விழாக்களின் வரலாறாகவே எழுதிப் பழகிவிட்டோம். எந்த ஆண்டில் எந்தப் பாலம், எந்த ஆண்டில் எந்த அணை, யார் நாடாவை வெட்டினார் என்று. என் கருத்தில், உண்மையான திருப்புமுனைகள் அவையல்ல. தனித்தனியாகக் கட்டப்பட்ட இரண்டு ஒன்றோடொன்று சேர்ந்த தருணங்களே திருப்புமுனைகள். அத்திபெலே அதற்கு நல்ல சாட்சி. சேராமல் போனவற்றுக்கும் அதுவே சாட்சி.

இருப்புப்பாதையை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து வந்த அகலப்பாதை 1864 ஆம் ஆண்டில் பெங்களூரு கண்டோன்மென்டை அடைந்தது. தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மில்லிமீட்டர். செலவைக் குறைக்க வேண்டும் என்று மேயோ பிரபு 1870-களின் தொடக்கத்தில் மீட்டர் பாதைக்கு வழிவகுத்தார். மைசூர் சமஸ்தானம் தன் பெங்களூரு-மைசூர் பாதையை அந்த அளவில், 1,000 மில்லிமீட்டரில் அமைத்தது. எல்லைக்கு இப்பால், சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டத்திலோ கதை வேறு. பஞ்ச நிவாரண நோக்கில் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906 இல் ஒரு குறுகிய பாதை வந்தது. அகலம் இரண்டரை அடி, அதாவது 762 மில்லிமீட்டர். 1913 இல் அது ஓசூர் வரை நீண்டது. அங்கேயே நின்றுவிட்டது. பெங்களூரு சுமார் நாற்பது கிலோமீட்டரில் இருந்தும், அந்தச் சிறிய ரயில் எல்லையைத் தாண்டவே இல்லை.

நாற்பது கிலோமீட்டருக்குள் மூன்று அளவுகள்! ஒரு மூட்டை கேழ்வரகு ஓரளவுப் பாதையிலிருந்து மற்றோர் அளவுப் பாதைக்கு மாற வேண்டுமானால், கூலியாட்கள் தலையில் சுமந்து இறக்கி ஏற்ற வேண்டும். இத்தகைய பாதைகளுக்கு ஆயுள் நீளாது. மொரப்பூர்-ஓசூர் பாதை 1941 இல், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், மூடப்பட்டது. பல ஆண்டுகள் கழித்துச் சேலம்-பெங்களூரு பாதை அமைந்த பிறகே ஓசூர் மீண்டும் ரயிலைக் கண்டது. நாடு முழுவதும் ஒரே அளவு என்ற திட்டத்தை ரயில்வே 1992 இல்தான் முறையாகத் தொடங்கியது. ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் நாம் மூட்டை தூக்கியிருக்கிறோம்.

சாலைக்கும் இதே கதை உண்டு. ஓசூர் எல்லையில் ஜூஜுவாடி வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் நீண்ட வரிசையில் நின்ற காலம் பலருக்கும் நினைவிருக்கும். ஓட்டுநர்கள் சமைத்து உண்டு, துணி துவைத்து, உறங்கிக் காத்திருந்தார்கள். 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததை ஒட்டி, மாநில எல்லைகளின் வணிகவரிச் சாவடிகள் அகற்றப்பட்டன. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்குக்கு 2018 ஏப்ரல் முதல் மின்வழிச் சீட்டு வந்தது. வரிசையை நம்பித் தேநீர்க்கடை வைத்திருந்தவர்கள் தவிர வேறு யாரும் வருந்தியிருக்க மாட்டார்கள். அங்கே எவரும் எதையும் கட்டவில்லை. ஒரு தடுப்புக் கட்டையை எடுத்தார்கள், அவ்வளவே. ஆயினும் 2010 ஜனவரியில் திறக்கப்பட்ட எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலச் சாலைக்கு இணையான மாற்றமாகவே நான் இதைக் கருதுகிறேன்.

அத்திபெலே சுங்கச்சாவடியில் நடந்ததும் அப்படித்தான். 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் ஃபாஸ்டேக் கட்டாயமானது. கண்ணாடியில் ஒட்டிய அந்தச் சிறு பட்டையை எந்த வங்கி வழங்கியிருந்தாலும், எந்த மாநிலச் சாவடியும் அதை ஏற்கும். வங்கிகளுக்கு இடையேயான கணக்கைத் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் அமைப்பு தீர்த்துவைக்கும். (ஒரே பயணத்துக்கு இருமுறை பணம் கழிந்து, திரும்பப் பெற நான் சில வாரங்கள் அலைந்ததும் உண்டு. குறையில்லாத ஏற்பாடு என்று சொல்ல வரவில்லை.) வங்கி வாடிக்கையாளர்களுக்கு இந்த இணைப்பின் அருமையை விளக்கத் தேவையில்லை. நம் வங்கியின் அட்டையை வேறொரு வங்கியின் ஏடிஎம் ஏற்காத காலத்தையும் பார்த்தவர்கள்தாமே நாம்?

இனி மெட்ரோவுக்கு வருவோம். 2025 ஆகஸ்டில் பெங்களூருவின் மஞ்சள் வழித்தடம் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை, சுமார் 19 கிலோமீட்டர் நீளத்தில், 16 நிலையங்களுடன் திறக்கப்பட்டது. பொம்மசந்திராவிலிருந்து அத்திபெலே ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர். ஓசூர் அதற்குச் சற்று அப்பால். இரண்டையும் இணைக்கும் யோசனை பேசப்பட்டபோது எழுந்த தடைகளுள் ஒன்று மின்சாரம். பெங்களூரு மெட்ரோ தண்டவாளத்தின் அருகே செல்லும் மூன்றாம் தடத்திலிருந்து 750 வோல்ட் நேர்மின்சாரம் பெறுகிறது. சென்னை மெட்ரோவோ மேல்நிலைக் கம்பியிலிருந்து 25,000 வோல்ட் மாறுமின்சாரம் பெறுகிறது. மூன்று அளவு தண்டவாளங்களின் பேரப்பிள்ளைகள் இவை.

பொறியாளர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஒவ்வொரு முடிவுக்கும் அதனதன் காலத்தில் தக்க காரணம் இருந்தது. மேயோ பிரபுவுக்கும் இருந்தது. ஆனால் முழு இணைப்பு வரும்வரை பயணியைக் காத்திருக்கச் சொல்வதுதான் தவறு. ரயில் எல்லையைத் தாண்ட முடியாவிட்டால், எல்லையிலேயே ஒரு பொது நிலையம் அமைத்து, ஒரே நடைமேடையின் இருபுறமும் வண்டிகளை நிறுத்தலாம். மெட்ரோவுக்கு அதுவும் தொலைவு என்றால், பேருந்திலிருந்து தொடங்கலாம். வங்கிகள் வழங்கும் தேசியப் பொதுப் போக்குவரத்து அட்டை 2019 மார்ச்சில் அறிமுகமானது. பெங்களூரு மெட்ரோவும் சென்னை மெட்ரோவும் அதை ஏற்கின்றன. மின்சாரத்தில் சேராத இரு நகரங்கள் கட்டணத்தில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டன. அந்த அட்டையை இந்த எல்லை வழியே ஓடும் இரு மாநில நகரப் பேருந்துகளிலும் ஒரே பயணச்சீட்டாக ஏற்பதற்கு நிலம் கையகப்படுத்த வேண்டியதில்லை. தூண் எழுப்ப வேண்டியதில்லை. இரண்டு போக்குவரத்துக் கழகங்கள் ஒரு மேசையில் அமர்ந்து வசூலைப் பங்கிடும் முறையை முடிவு செய்தால் போதும்.

சுங்கச்சாவடியில் காருக்குக் கிடைத்த அந்த வசதி, பேருந்து நிறுத்தத்தில் நிற்பவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. அவர் இன்றும் அத்திபெலேயில் இறங்கி, சில்லறை எண்ணி, அடுத்த வண்டிக்காகக் காத்திருக்கிறார்.