முத்துநகரில் இத்தாலிய அரிச்சுவடி

இத்தாலிய மொழியின் அரிச்சுவடியையாவது நம் பள்ளியில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நாங்கள் கேட்டபோது பெரியவர்கள் சிலர் சிரித்தார்கள். “ஆங்கிலமே இன்னும் நாவில் சரியாகப் புரளவில்லை, இதில் இத்தாலியன் வேறா?” என்றார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறோம்.

இத்தாலியர் நம் கரைக்குப் புதியவர் அல்லர். வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்து, காயல் துறைமுகத்தையும் முத்துக்குளிப்பையும் கண்டு சொன்னார். 1298-இல் ஜெனோவா நகரத்துச் சிறையில் இருந்தபோது அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட நூலில் அச்செய்திகள் உள்ளன. (அந்த நூல் இத்தாலியம் கலந்த பழைய பிரெஞ்சில் எழுதப்பட்டது என்பது வேறு விஷயம்.) பின்னர் 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி அடிகளார் தமிழையும் வடமொழியையும் கற்றுத் தேர்ந்தார். 1680-இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி அடிகளார் இந்திய மண்ணில் கால் வைத்தபோது அவருக்கு வயது ஏறக்குறைய முப்பது. அந்த வயதில் ‘அ, ஆ’ எழுதத் தொடங்கியவர்தாம் பிற்காலத்தில் வீரமாமுனிவராகித் ‘தேம்பாவணி’ பாடினார். 1732-இல் ‘சதுரகராதி’யைத் தந்தார். கோவில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டியில் அவர் பணியாற்றியதை நம் மாவட்டத்தார் அறிவர். பதின்மூன்று வயதில் “இனிமேல் புதுமொழி ஏறுமா?” என்று பயப்படும் எங்கள் தோழியர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

அவர்கள் நம் மொழியைக் கற்றார்கள். அவர்கள் மொழியை நாம் கற்றோமா? இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் அதைக் கற்பதானால் ஆங்கிலத்தின் வழியாக அன்று, தமிழ் வழியாகக் கற்க வேண்டும் என்பது எங்கள் கட்சி. காரணம் இருக்கிறது. இத்தாலிய மொழியில் ஒற்றை மெய்க்கும் இரட்டை மெய்க்கும் பொருள் மாறும். ‘நோனோ’ என்றால் ஒன்பதாவது, ‘நொன்னோ’ என்றால் தாத்தா. ‘பாலா’ என்றால் மண்வாரி, ‘பல்லா’ என்றால் பந்து. ஆங்கிலேயருக்கு இது பெரும்பாடு. ‘காடு, கட்டு’ என்றும் ‘பாடு, பட்டு’ என்றும் சொல்லி வளர்ந்த நமக்கோ தண்ணீர் பட்ட பாடு. ‘ஞ’ என்ற எழுத்து அவர்களுக்கும் உண்டு. ‘பார்லோ’ என்றால் பேசுகிறேன், ‘பார்லி’ என்றால் பேசுகிறாய். ‘பேசுகிறேன்’ என்றாலே ‘நான்’ அதற்குள் அடங்கிவிடுவதுபோல அங்கும் விகுதியே ஆளைக் காட்டும். நீ, நீங்கள் என்ற மரியாதை வேற்றுமையும் உண்டு. தோழியைத் ‘தூ’ என்று அழைக்கலாம். சகோதரியை ‘லேய்’ என்றுதான் அழைக்க வேண்டும். ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே சொல் அல்லவா!

சொற்களிலும் நமக்கு உறவு இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் வந்த போர்ச்சுக்கீசியர் நம் வீடுகளில் விட்டுச்சென்ற சாவியும் அலமாரியும் பேனாவும் பொத்தானும் இத்தாலியில் கியாவே, அர்மாதியோ, பென்னா, பொத்தோனே. போர்ச்சுக்கீசியமும் இத்தாலியமும் இலத்தீன் தாயின் மக்கள் என்பதால் இந்தச் சாயல். நம் ஊர் மக்ரூன் பெயரின் வேரும் இத்தாலியில்தான் என்று அகராதிகள் சொல்லும். முந்திரிப் பருப்பும் முட்டை வெள்ளையும் சேர்த்து நம் பேக்கரிக்காரர்கள் செய்யும் பண்டம் மட்டும் நம்முடையதே. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

எல்லாம் எளிது என்று சொன்னால் பொய்யாகும். உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு என்பதுதான் பெரிய தலைவலி. கடலும் உப்பும் ஆண்பால், கப்பலும் முத்தும் பெண்பால். கடலைத் தாய் என்று கும்பிடும் நம் கரைக்கு இது எப்படி ஒப்பும்? மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

இதனால் என்ன பயன் என்று பெற்றோர் கேட்பார்கள். மேற்படிப்புக்காக ரோம் செல்லும் சகோதரிகளுக்கு முதலில் பல மாதங்கள் மொழிப் பயிற்சியிலேயே கழிகின்றன. அது பெரிய துன்பம் அன்று, உடன் மடம் இருக்கிறது. வேலைக்குச் செல்லும் பெண்களின் நிலைதான் எங்களைக் கவலைப்படுத்துகிறது. எதிர்க்கரை இலங்கையிலிருந்து ஏராளமானோர் இத்தாலியில் வீட்டு வேலையும் முதியோரைப் பராமரிக்கும் வேலையும் செய்கிறார்கள். நம் பக்கத்திலிருந்தும் பெண்கள் அத்தகைய வேலைகளுக்கு அயல்நாடுகள் செல்கிறார்கள். அந்நியர் வீட்டின் நான்கு சுவருக்குள் இருக்கும் பெண்ணுக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்கவும், கையெழுத்திடும் தாளில் என்ன இருக்கிறது என்று படிக்கவும், உடம்பு சரியில்லை என்று சொல்லவும் தெரியாவிட்டால் அவள் கதி என்ன? தரகர் சொன்னதே வேதம் என்றாகிவிடும். ஐரோப்பியர் 2001-இல் வெளியிட்ட மொழித் தர வரிசையில் ஆறு படிகள் உள்ளன. இத்தாலியில் நீண்டகாலம் தங்க அனுமதி கேட்போர் இரண்டாம் படியாகிய ‘ஏ2’ அளவாவது இத்தாலியம் அறிந்திருக்க வேண்டும் என்று 2010-இல் அந்நாட்டரசு விதித்தது. அந்த இரண்டு படிகளை ஊரைவிட்டுப் போகுமுன் இங்கேயே ஏறினால் என்ன?

பெண்ணை வெளிநாட்டுக்கு அனுப்பத் தூண்டுகிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். போகாதவர்களுக்கும் இதில் இன்பம் உண்டு. ஆகஸ்டு 5-ஆம் நாள் நாம் பனிமய மாதா திருவிழாவில் நிற்கும்போது, ரோமாபுரியின் புனித மரியா பேராலயத்தில் மேலிருந்து வெண்மலர் இதழ்களைப் பனிபோலத் தூவுகிறார்கள். அவர்கள் ‘நேவே’ என்பதைத்தான் நாம் ‘பனி’ என்கிறோம்.

தமிழ் கெட்டுவிடும் என்ற அச்சமும் வேண்டாம். பால் வேற்றுமை, விகுதி, இரட்டை மெய் என்று இன்னொரு மொழியில் தடுக்கி விழும்போதுதான் நன்னூல் வகுப்பில் தூங்கிய எங்களில் பலருக்குச் சொந்த இலக்கணம் விளங்கும். புதிதாக வரும் குருக்கள் பேச்சுத்தமிழ் கற்க வேண்டும் என்று 1728-இல் இலத்தீனில் கொடுந்தமிழ் இலக்கணம் எழுதினார் வீரமாமுனிவர். அதுபோல, தமிழில் ஒரு சிறிய இத்தாலிய இலக்கணத்தை நம் ஆசிரியைகள் எழுதினால் மிக நன்று.

சனிக்கிழமை பிற்பகல் ஒரு மணி நேரம் போதும். தேர்வு வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். ரோமில் படித்துத் திரும்பிய சகோதரிகள் யாரேனும் மனமுவந்து வந்தால் கரும்பலகையைத் துடைத்து வைத்துக் காத்திருப்போம். முதல் பாடத்துக்குரிய நான்கு சொற்களையும் தேர்ந்துவிட்டோம்: மாரே, சாலே, நாவே, பெர்லா. கடல், உப்பு, கப்பல், முத்து.